கிழக்குச் சுவரின் ஈரம்

வடுகப்பேரியில் மாவுமில் சங்கரலிங்கத்தின் வீட்டுக் கிழக்குச் சுவர் கண்ணீர் விட ஆரம்பித்தது சித்திரை மாசத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு மூன்று மாசம் முன்னால், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, அதே சுவருக்கு முன்னால் வைத்துத்தான் கோமதிநாயகத்தின் இடது கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஊரில் ஒருத்தருக்கும் முதலில் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் கோமதிநாயகத்தின் கண்ணைப் பற்றிப் பேசிப் பேசி ஊருக்கே அலுத்துப்போயிருந்தது.

கோமதிநாயகத்துக்கு நாற்பத்தாறு வயசு, அதில் இருபத்தைந்து வருஷம் சுவர்களோடு போனது. வெள்ளையோ பெயின்டோ எதுவானாலும் அவர் கை பட்டால் திட்டு விழாது, உரியாது என்று சுற்றுவட்டாரத்தில் பேர். அன்றைக்குக் கல்சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதித்து அடங்கட்டும் என்று காத்திருந்து, அடங்கிவிட்டது என்று நினைத்து அவர் குனிந்து நீலத்தைக் கலக்கப்போன நேரத்தில், அடியில் வேகாமல் கிடந்த ஒரு கட்டி வெடித்து முகத்தில் அடித்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சங்கரலிங்கத்தின் பெஞ்சாதி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"தண்ணி ஊத்திராதீங்க! ஊத்திராதீங்க!" என்று கத்தியது வேறு யாருமில்லை, அவரேதான். தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு கொதிக்கும், அது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். உலர்ந்த துண்டால் துடைத்தார்கள், வேட்டி முனையால் ஒற்றினார்கள், வாயால் ஊதினார்கள், ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஒன்றேகால் மணி நேரமும் ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படாமல் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா செய்த முதல் காரியம் அவரைப் படுக்கவைத்துக் கண்ணில் தண்ணீர் ஊற்றியதுதான், பாட்டில் பாட்டிலாக ஊற்றினாள். "ஒடனே ஊத்தியிருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர் அவர் முகத்தைப் பார்த்து மீதியைச் சொல்லாமல் விட்டார்.

மாசி பாதியில் கண் ஆறிவிட்டது. பார்வைக்குப் பெரிய குறையில்லை, சிவப்பும் போய்விட்டது, எதிரே நின்று பார்க்கிறவர்களுக்கு அது மற்றக் கண்ணைப் போல ஒரு கண். ஆனால் அதில் ஈரம் சுரக்கவில்லை. டாக்டர் ஒரு காகிதத் துண்டை இமைக்குள் சொருகி ஐந்து நிமிஷம் உட்காரவைத்து எடுத்தபோது அது சொருகியபடியே காய்ந்து வந்தது. "கண்ணீர் ஊறுற எடம் வெந்துபோச்சுய்யா. நரம்பும் கெட்டுப்போயிருக்கு. புண்ணு ஆறினாலும் நரம்பு அது பாட்டுக்கு வலிக்கு வலிக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். எப்ப நிறுத்தும்னு என்னால சொல்ல முடியாது" என்று சொல்லி, அரை மணிக்கு ஒருதரம் விடச் சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அந்த வலி எப்படிப்பட்டது என்று கோமதிநாயகம் பலருக்குப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார். இமைக்குள் மணல் கிடக்கிறது என்றார். புருவத்திலிருந்து கடைவாய்ப் பல் வரைக்கும் சூடான கம்பியைப் போட்டு இழுக்கிறார்கள் என்றார். காலையில் விழித்ததும் கண்ணைத் திறக்க முடியாது, இமை முழியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மருந்தை ஓரத்தில் விட்டு அது உள்ளே ஊறுகிற மட்டும் பொறுத்திருந்து, வெங்காயச் சருகை உரிக்கிற மாதிரி மெள்ள மெள்ளப் பிரிக்கவேண்டும், அவசரப்பட்டால் தோலோடு வந்துவிடும் என்றார். ஃபேன் காற்று ஆகாது, வெயில் ஆகாது, அடுப்புப் புகை ஆகாது. அவர் பெஞ்சாதி பிச்சம்மாள் சுற்றுகிற பீடித் தூளும் ஆகாது என்பதால் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய், சங்கரலிங்கத்தின் கிழக்குச் சுவருக்கு எதிரே வேம்படியில் உட்கார்ந்து பீடி சுற்ற ஆரம்பித்தாள்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒருதரம் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "பளிச்சுன்னுல்லா இருக்கு" என்றார்கள். டீக்கடையில் ஒருத்தன், "மனுசன் வேலைக்குப் போவாம இருக்க நல்ல வழி கண்டுபிடிச்சிருக்காருய்யா" என்றான், மற்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரிக்கவேண்டியதாயிற்று. வலியைவிட அந்தச் சிரிப்பு கேவலமாக இருந்தது. பிச்சம்மாளே ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "எனக்கும்தான் பீடி சுத்திச் சுத்தி முதுகு வலிக்கு. நான் யார்ட்ட சொல்லுதேன்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கோமதிநாயகம் வீட்டிலும் வாயை மூடிக்கொண்டார். வலியை யாராவது நிறுத்தவேண்டும் என்கிற ஆசையை அவர் அதற்கு முன்பே விட்டிருந்தார், இருக்கிறது என்று ஒருத்தராவது நம்பினால் போதும் என்று ஆகியிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் சுவர் அழுதது. மழை பெய்து ஐந்து மாசமாகி, தெப்பக்குளம் வெடித்துக் கிடந்த சித்திரையில், ஓர் ஆள் உயரத்தில், கண் இருக்கக்கூடிய மட்டத்தில், ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஈரம் கசிந்து, கோடு கோடாக இறங்கித் தரையில் ஒரு சிறு குட்டையாகத் தேங்கியது. சங்கரலிங்கம் பைப் உடைந்துவிட்டது என்று ஆள்விட்டுத் தோண்டினார். அந்தப் பக்கம் பைப்பே போகவில்லை. அடுத்த தேர்தலுக்கு என்று கட்சிக்காரர்கள் அந்தச் சுவரை முன்பதிவு செய்து எழுதிவைத்திருந்த எழுத்து கரைந்து தெருவில் ஓடியது, எதிர்க்கட்சிக்காரர்கள் செய்த வேலை என்று அவர்கள் போலீஸில் எழுதிக்கொடுத்தார்கள், இரண்டு கட்சியும் ஆள் போட்டு ராவும் பகலும் காவல் இருந்து, சுவர் தானாகத்தான் அழுகிறது என்று ஒரே மனதாக ஒப்புக்கொண்டன. இரண்டு கட்சியும் ஒரே மனதாக ஒப்புக்கொண்ட காரியம் வடுகப்பேரியில் அது ஒன்றுதான்.

கண்டுபிடித்தவள் பிச்சம்மாள். எதிரே உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு, நாலு வீடு தள்ளித் தன் புருஷன் முனகுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் சுவரில் முத்து முத்தாகக் கட்டுவது தட்டுப்பட்டது. முனகல் நின்றால் இதுவும் நின்றது. அவள் எழுந்துபோய் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், கரித்தது. தட்டில் இருந்த பீடி எல்லாம் சிதற வீட்டுக்கு ஓடி, இருட்டறையில் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருந்தவரின் காலடியில் உட்கார்ந்து, "இவ்வளவா வலிக்கு? இவ்வளவா வலிச்சது?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். கோமதிநாயகத்துக்கும் அழுகை வந்தது. வலது கண் அழுதது, இடது கண் எரிந்தது, நாலு வீடு தள்ளிச் சுவரில் தண்ணீர் தரை வரைக்கும் கொட்டியது. அந்த நாலு மாசத்தில் அவர் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். யாரும் வாயைப் பிளக்கவில்லை. சுவர் அழுகிறது, அது கோமதிநாயகத்தின் கண்ணீர், ஆக அந்த ஆளுக்கு நிஜமாகவே வலிக்கிறது, அவ்வளவுதான் விஷயம் என்று எடுத்துக்கொண்டார்கள். பால் வாங்கப் போகிறவர்கள் போகிற போக்கில் சுவரைப் பார்த்து, "இன்னைக்குப் பரவால்ல, இடுப்பு மட்டும்தான் எறங்கியிருக்கு" என்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாக்பீஸால் அளவுக் கோடு போட்டு, நேற்றைக்கு எவ்வளவு இன்றைக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டார்கள். சுவர் மேல் பந்தடிக்கக்கூடாது என்று ஆனது. மினிபஸ் டிரைவர் அந்த இடம் வந்ததும் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார். வெயில் ஏறினால் சுவருக்கு வலிக்கும் என்று தென்னங்கீற்றில் தட்டி கட்டினார்கள், சணல் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டார்கள், ஒரு வைத்தியர் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி ஈரத்தின் மேல் அப்பிவிட்டுப் போனார். யாரோ குங்குமத்தைக் கொண்டுவந்து வைக்க, சங்கரலிங்கத்தின் பெஞ்சாதி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து, இது வீடு, கோயில் இல்லை என்று விரட்டினாள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்துத் தன் பதிவேட்டில் "ஈரச்சுவர், ஒன்று" என்று எழுதிக்கொண்டார்.

டீக்கடையில் சிரித்தவனும் ஒருநாள் வந்து நின்றான். சுவரின் மேல் கையை வைத்து, "மனசுல வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி" என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனான்.

கோமதிநாயகத்தின் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வரவேண்டிய அவசியம் என்ன, சுவரைப் பார்த்தாலே ஆள் எப்படி இருக்கிறார் என்று தெரிகிறதே. அரை மணிக்கு ஒருதரம் அவர் மருந்து விட்டுக்கொண்டார், ஈரத்துணி போட்டுக்கொண்டார், மூடிய இமைக்குள் முழியை அசைக்காமல் வைத்திருக்கப் பழகிக்கொண்டார், பஞ்சு வைத்து ஓரம் தைத்த ஒரு கண்ணாடியைப் பிச்சம்மாள் செய்து கொடுக்க, அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தார். வலி ஓர் இம்மி குறையவில்லை. ஆனாலும் எதிரே வருகிறவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள், ரேஷன் கடையில் நிழலில் உட்காரச் சொன்னார்கள். நம்பப்படுகிறவனின் வலிக்கும் நம்பப்படாதவனின் வலிக்கும் வித்தியாசம் உண்டு, அது பட்டவனுக்குத்தான் தெரியும். இப்படியே காலத்தைத் தள்ளிவிடலாம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சங்கரலிங்கத்தின் மகள் செண்பகத்துக்கு இருபத்தொன்பது வயசு. ஆனியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணைப் பிடித்திருந்தது, காப்பியைப் பிடித்திருந்தது, வெளியே வந்து செருப்பைப் போடும்போது சுவரைப் பார்த்தார்கள். வீட்டுச் சுவரே அழுகிறதே, இந்த வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று ஊர் போய்ச் சேர்ந்து போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வரன் ஆடி கழிந்து ஆவணியில் வருவதாக இருந்தது. சங்கரலிங்கம் பெயின்டர்களைக் கூட்டிவந்தார். ஒருத்தன் சிமென்ட் பூசினான், ஒருத்தன் தார் பூசினான், ஒருத்தன் தண்ணீர் புகாத பெயின்ட் என்று வெளியூரிலிருந்து டப்பா டப்பாவாக வாங்கிவந்து அடித்தான். எதுவானாலும் காலையில் பூசினது சாயங்காலத்துக்குள் அப்பளம் கணக்காய் உப்பி, உரிந்து தெருவில் விழுந்தது.

பிறகு சங்கரலிங்கம் நேராகவே வந்தார். பெரிய மனுஷன், இதற்கு முன்னால் அந்த வீட்டுப் படி ஏறினதில்லை. "நாயகம், ஞாயித்துக்கெழம அவுக வாராக. அன்னைக்கு ஒரு நா மட்டும் கொஞ்சம் வலிக்காம இருந்துக்கிடுதியா?" என்று கேட்டார். கேட்கும்போது அவருக்கே தான் கேட்பது என்ன என்று புரிந்து குரல் இறங்கிவிட்டது.

"பாக்கேன் அண்ணாச்சி" என்றார் கோமதிநாயகம்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே ஒத்தாசை செய்தது. தெருவில் விறகடுப்பு மூட்டவில்லை, புழுதி எழும்பாமல் தண்ணீர் தெளித்தார்கள், நாய்களைப் பிடித்துக் கட்டினார்கள். கோமதிநாயகம் இருட்டறையில் மல்லாந்து படுத்து, மருந்தை இமை நிறைய விட்டுக்கொண்டு, மேலே ஈரத்துணியும் போட்டுக்கொண்டு, வலிக்கக்கூடாது, வலிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தார். பல்லைக் கடித்தால் நரம்பு இன்னும் முறுக்கிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாதது இல்லை. மாப்பிள்ளை வீட்டார் காரைவிட்டு இறங்கும்போது சுவரில் தண்ணீர் கண் மட்டத்திலிருந்து தரை வரைக்கும் சத்தத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் காப்பிகூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் செண்பகம் வந்தாள். வாசலில் நின்றவளைப் பிச்சம்மாள் உள்ளே கூப்பிட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

"சித்தப்பா, நான் ஒண்ணும் கோவிச்சுக்கிட்டு வரல" என்றாள் செண்பகம். கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாயின் கோரையைப் பிய்த்தாள். "வலிக்கத்தான் செய்யும், அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. ஆனா உங்களுக்கு வலிக்கது எங்க வீட்டுச் செவருலல்லா வந்து நிக்கி. எங்கம்மா என் மூஞ்சியப் பாக்கதேயில்ல சித்தப்பா, செவரத்தான் பாக்கா. வீட்டுக்கு வாரவுக எல்லாரும் செவர் எப்படி இருக்குன்னுதான் கேக்காக. நான் எப்படி இருக்கேன்னு யாருமே கேக்கல."

அந்தக் கடைசி வார்த்தை கோமதிநாயகத்துக்கு உள்ளே எங்கோ போய் இறங்கியது. எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் அடிச்சுத் தாரேன்" என்றார்.

"நீங்களா? வேண்டாங்க" என்று பிச்சம்மாள் குறுக்கே வந்தாள். "அந்தப் பெயின்டு நெடி ஆகுமா உங்களுக்கு?"

"மத்தவனுவ அடிச்சா நிக்காது" என்றார்.

மூன்று நாள் அடித்தார். பழைய பூச்சை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, செங்கல் தெரிகிற மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஊரில் யாருக்கும் இல்லாத ஒரு வசதி அவருக்கு இருந்ததால், அதாவது தண்ணீர் எப்போது வரும் என்று தன் கண்ணை வைத்தே தெரிந்ததால், ஒரு வலி அடங்கி அடுத்த வலி கிளம்புவதற்கு இடையில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் மட்டும் பிரஷ்ஷை வைத்து இழுத்தார். வலி வந்தால் கையை எடுத்துவிட்டு நெற்றியைச் சுவரில் சாய்த்து நின்றார். நெடி கண்ணைச் சுட்டது, வெயில் சுட்டது, ஊர் தள்ளி நின்று பார்த்தது. முதல் நாள் ஒரு பூச்சு, அடுத்த நாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று. கண் மட்டத்தில் ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் கடைசி வரைக்கும் பாக்கி இருந்தது. அதில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஊரில் அவருக்காகச் சாட்சி சொல்ல அது ஒன்றுதான் மிச்சம் என்று அவருக்குத் தெரியும், அதை அடைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வெகுநேரம் அதன் எதிரே நின்றார். பிறகு செண்பகம் மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்து, பிரஷ்ஷை முக்கி அதையும் மூடினார்.

பூச்சு நின்றது. அன்று சாயங்காலம் உப்பவில்லை, மறுநாளும் உப்பவில்லை, ஒரு வாரம் ஆகியும் சுவர் உலர்ந்து வெளேரென்று நின்றது. இத்தனை பேர் எதை எதையோ பூசியும் நிற்காதது இவர் பூசினதும் நின்றுவிட்டது என்றால் அதற்கு ஊர் ஒரே ஒரு அர்த்தம்தான் கண்டது. உள்ளே ஊறுவது நின்றுபோயிற்று, மனுஷனுக்குக் குணமாகிவிட்டது! டீக்கடையில் அன்றைக்கு அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். "ஒரு வழியா விட்டுச்சுல்லா அண்ணாச்சி" என்று தோளைத் தட்டினார்கள். மினிபஸ் டிரைவர் பழையபடி ஹாரன் அடித்துக்கொண்டு போனார், பிள்ளைகள் சுவரில் பந்தடித்தார்கள். அந்த மாசத்திலேயே செண்பகத்துக்கு வரன் அமைந்து, புரட்டாசி கழிந்ததும் கல்யாணம் நடந்தது. பந்தியில் கோமதிநாயகத்தை முதல் வரிசையில் உட்காரவைத்து, சம்பந்திமாரிடம், இவருக்கு எவ்வளவு பெரிய வலி இருந்தது தெரியுமா, இந்தச் சுவரையே கேளுங்கள் என்று கதையாகச் சொன்னார்கள்.

"இன்னும் இருக்குய்யா" என்று அவர் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் மெள்ளச் சொன்னார். அந்த ஆள் எக்கி வெளியே சுவரைப் பார்த்தார், திரும்பி இவரைப் பார்த்தார், "உமக்கு எப்பவும் வெளையாட்டுதான்" என்று சிரித்துவிட்டுப் பாயசத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

ஐப்பசியில் நாலு வீட்டு வேலை வந்தது. தீபாவளிக்குள் முடிக்கவேண்டும் என்று ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், அவர் வருவார் என்று பிச்சம்மாள் அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். வேலை தொடங்கவேண்டிய அன்று காலையில் கோமதிநாயகம் விழித்து, கண் திறக்காமல், மருந்துக்காகக் கையை நீட்டினார். இமை ஒட்டிக்கொண்டிருந்தது, உள்ளே கம்பி இழுக்கத் தொடங்கியிருந்தது. பிச்சம்மாள் வாசலிலிருந்து வருகிற காலடி கேட்டது.

"பிச்சம்மா" என்றார். "வலி விடல. கூடியிருக்கு."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் தலையில் கையை வைத்துத் தடவினாள், அப்படித் தடவி எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. காய்ச்சலில் உளறுகிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, அவ்வளவு பிரியமாக, "இல்லங்க" என்றாள். "இப்பத்தான் போய்ச் செவரத் தொட்டுப் பாத்துட்டு வாரேன். ஒரு பொட்டு ஈரமில்ல. எந்திரிங்க, ஆளு வந்து நிக்கி."